நிக்கொதேமு கேட்ட கேள்வி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

இயேசுவின் பிறப்புக்கும் மரணத்துக்கும் வேதத்தில் பல முடிச்சுகள் உண்டு. லூக்கா 2ஆம் அதிகாரத்தில் மரியாள் பிள்ளையைத் துணிகளில் சுற்றி முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடத்துகிறாள். 23ஆம் அதிகாரத்தில் அரிமத்தியா ஊரைச் சேர்ந்த யோசேப்பு இயேசுவின் உடலைத் துணியில் சுற்றி, அதுவரை யாரையும் வைத்திராத கல்லறையில் வைக்கிறார். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் குழந்தைக்குக் கொடுத்த வெள்ளைப்போளம் என்னும் வாசனைப் பிசின் யோவான் சுவிசேஷத்தில் அடக்கத்தின்போது மறுபடி வருகிறது. சரி, இதெல்லாம் பிரசங்கங்களில் கேட்டதுதான். ஆனால் அந்த வெள்ளைப்போளத்தைக் கொண்டுவந்தவர் யார்?

நிக்கொதேமு. நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயர் கூட்டத்தார், யூதர்களில் ஓர் அதிகாரி. யோவான் 3ஆம் அதிகாரத்தில் இராத்திரியில் இயேசுவிடம் வந்தவர். மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னதும், வயதான மனிதன் எப்படிப் பிறப்பான், தாயின் வயிற்றுக்குள் இரண்டாம் தரம் போக முடியுமா என்று கேட்டார். விவரம் புரியாமல் கேட்டார் என்றே பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முக்கால்வாசி வாழ்க்கை கழிந்தபின் முதலிலிருந்து தொடங்க வழியுண்டா என்கிற ஏக்கம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. பிற்காலத்தில், 4ஆம் நூற்றாண்டு எருசலேமில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் ‘அந்தத் தண்ணீரே உங்களுக்குக் கல்லறையும் தாயும்’ என்று போதித்தார்கள். நிக்கொதேமுவுக்கு அப்படி விளக்கிச் சொல்ல அன்று யாரும் இல்லை.

நடுவில் ஒருமுறை, விசாரிக்காமல் ஒருவனைக் குற்றவாளியாக்கலாமா என்று தன் கூட்டத்தாரிடமே கேட்டு வசவு வாங்குகிறார். அப்புறம் 19ஆம் அதிகாரத்தில்தான் அவரைப் பார்க்கிறோம். வெள்ளைப்போளமும் கரியபோளம் என்னும் இன்னொரு வாசனைப்பொருளும் கலந்து ஏறக்குறைய 100 இராத்தல், அதாவது சுமார் 33 கிலோ, கொண்டுவருகிறார். சில நாள் முன்பு பெத்தானியா ஊரில் லாசருவின் சகோதரி மரியாள் இயேசுவின் பாதங்களில் ஊற்றியது 1 இராத்தல் தைலம். அதற்கே வீண்செலவு என்று யூதாஸ் முறுமுறுத்தான்!

‘முன்பு இராத்திரியில் வந்தவர்’ என்று யோவான் இங்கே நினைவூட்டுகிறார். பிறப்பைப் பற்றிக் கேட்ட அந்த மனிதரே இப்போது யோசேப்போடு சேர்ந்து உடலைத் துணிகளில் சுற்றுகிறார், புதுக் கல்லறைக்குள் வைக்கிறார். இரண்டாம் தரம் பிறப்பது எப்படி என்ற கேள்வியும் அவரோடு கல்லறை வாசல்வரை வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

முந்தின இரவுதான், சீடர்களோடு கடைசிப் பந்தியில் இருந்தபோது, வரப்போகும் துக்கத்தை இயேசு ஒரு தாயின் பிரசவ வேதனைக்கு ஒப்பிட்டிருந்தார்; பிள்ளை பிறந்ததும் அவள் அந்த வேதனையை நினைப்பதில்லை என்றார். அந்தப் பந்தியில் நிக்கொதேமு இருந்ததாக எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்காமலேதான் அவர் அத்தனை வாசனைப்பொருளையும் கொண்டுவந்தார்.