ஓமந்தூர் விவசாயி

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு விவசாயியைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். எங்கள் புளோக்கின் கீழே சமூகத் தோட்டத்தில் எனக்கும் நாலு வெண்டைச் செடி, ஒரு முருங்கை உண்டு. அந்த உரிமையில் பேசுகிறேன்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1895இல் திண்டிவனம் பக்கம் பிறந்த விவசாயி. என் அப்பாவுக்கும் அந்தப் பக்கம்தான். இங்கே தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்.

ஆரம்பப் பள்ளியில் ஒருநாள் வாத்தியார், "இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தபோது பிரதமர் யார்?" என்று கேட்டார். நான் துள்ளி எழுந்து, "ஓமந்தூரார்!" என்றேன். வகுப்பே சிரித்தது. காது சிவக்க வீட்டுக்கு வந்தால் அப்பாவும் சிரிக்கிறார். "டேய், வாத்தியார் சொன்னதும் சரி, நீ சொன்னதும் சரி. நேரு தில்லிக்குப் பிரதமர். நம்ம ரெட்டியார் மெட்ராசுக்குப் பிரதமர்." உண்மைதான். அப்போது மாகாணத் தலைவரையும் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். முதலமைச்சர் என்ற பெயரெல்லாம் 1950இல் குடியரசு ஆனபிறகு வந்தது. ஆனால் திருகிய காதைத் திருப்பித் தருவார் யார்?

1947 மார்ச்சில் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி, அப்போது மெட்ராஸ் பிரதமராக இருந்த பிரகாசத்தை இறக்கிவிட்டு இவரைத் தலைவராக்கியது. இரண்டே வருடம். அதற்குள் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம். 1948இல் ஜமீன் ஒழிப்பு. இதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். சாப்பாட்டுக் கடையை ஒருவர் பெயரில் எடுத்து, இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடுகிறார் என்று வையுங்கள். அடுப்படியில் வேகுபவர் ஒருவர், காசு எண்ணுபவர் வேறொருவர். ஜமீனும் ஏறக்குறைய அப்படித்தான். உழுபவனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே ஒரு கை. அந்தக் கையை எடுத்துவிட்டு, "நிலவரியை நேராக அரசாங்கத்திடம் கட்டு" என்றது அந்தச் சட்டம். ஏர் பிடிக்கிற ஊரில் பிறந்தவர் ஆட்சியில் இது வந்தது எனக்கு எப்போதும் இனிக்கிற சங்கதி. வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே என் மனைவி வானொலியை அணைத்துவிடுவார். இன்றைக்கு அணைக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

சொந்தக் கட்சிக்காரர்களின் சிபாரிசுக்கே மசியாதவர் என்று பெயர் எடுத்தவர். அப்படிப்பட்டவரைக் கட்சி எத்தனை நாள் தாங்கும்? 1949 ஏப்ரலில் விலகினார், குமாரசாமி ராஜா வந்தார்.

சென்னை அண்ணா சாலையில் இவர் பெயரில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இருக்கிறது. 2010இல் அங்கே புதிய சட்டமன்றக் கட்டடம் திறந்தார்கள். 2014இலிருந்து அது மருத்துவமனை. தோட்டம் என்பது பெயரில் மட்டும்...

ஆ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி விரலைக் காட்டுகிறார். பாரதி பாடல்களின் உரிமையை அரசு வாங்கியதும் 1949இல் இவர் ஆட்சியில்தான், அதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன். பதவி போனபின் வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் இருந்தார், 1970இல் காலமானார். அது தனிக் கதை, இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.