சியாச்சினை இன்னும் விட்டு இறங்காத சீட்டா

வணக்கம் நண்பர்களே. இன்று நாம் பார்க்கும் ஹெலிகாப்டருக்குப் பெரிய தோற்றப் பொலிவு எதுவும் கிடையாது. முன்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு, பின்னால் தகடு போர்த்தாத எஃகுக் குழாய்ச் சட்டகமாக நீளும் வால், மேலே மூடியின்றி அமர்ந்திருக்கும் எஞ்சின், அவ்வளவுதான். பிரான்சில் இதன் பெயர் லாமா. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்றுத் தயாரித்தபோது சீட்டா ஆனது.

இமயமலை உயரங்களில் இயங்கும் ஹெலிகாப்டர் வேண்டும் என்று இந்தியப் படைகள் கேட்டதால்தான் இது பிறந்தது. அலூயெட் 2 என்ற பிரெஞ்சு ஹெலிகாப்டரின் இலகுவான உடலை வலுப்படுத்தி, அதில் அலூயெட் 3இன் எஞ்சினையும் ரோட்டரையும் (மேலே சுழலும் இறக்கைத் தொகுதி) பொருத்தினார்கள். 1969 மார்ச்சில் முதன்முறையாகப் பறந்தது. 870 குதிரைத்திறன் தரவல்ல எஞ்சினைச் சுமார் 550க்கு மட்டுப்படுத்தியே ஓட்டுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்று மெலிந்து எஞ்சினின் பலம் குறைந்தாலும், கையிருப்பில் உள்ள திறன் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். வெற்று எடையும் ஏறக்குறைய ஒரு டன்தான்.

1972 ஜூன் 21 அன்று, பிரெஞ்சு சோதனை விமானி ழான் பூலே எடை குறைக்கப்பட்ட ஒரு லாமாவை 12,442 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார். உச்சியில் எஞ்சின் அணைந்துவிட்டது. கீழிருந்து மேலேறும் காற்றே ரோட்டரைச் சுழற்ற, எஞ்சின் இல்லாமலேயே பத்திரமாகத் தரையிறங்கினார். சாதனையைவிட அந்த இறக்கம்தான் எனக்கு வியப்பளிக்கிறது.

அர்ஜென்டினா, சிலி, எக்வடோர் படைகளும் ஆண்டிஸ் மலைகளுக்காக இதை வாங்கின. பாகிஸ்தான் ராணுவமும் லாமாவையே பறக்கவிட்டது என்பதால், சியாச்சினின் இரு பக்கமும் ஒரே வகை ஹெலிகாப்டர்தான் சுமை ஏற்றியது. 2005 ஆகஸ்டில், பாகிஸ்தானின் நங்க பர்பத் சிகரத்தில் ரூபல் சுவர் எனப்படும் செங்குத்தான முகப்பில் சிக்கிய ஸ்லோவேனிய மலையேற்ற வீரர் தோமாஸ் ஹுமாரை மீட்டதும் பாகிஸ்தானிய லாமாதான். மேலிருந்து தொங்கவிட்ட கயிற்றை மாட்டிக்கொண்ட அவர், பனிச்சுவரோடு தன்னைக் கட்டியிருந்த கயிற்றை அறுக்கவில்லை. அது அறுந்து விடுபடும்வரை ஹெலிகாப்டரும் சேர்ந்து இழுபட்டது.

1984இல் சியாச்சின் பனியாற்றைக் கைப்பற்ற இந்திய ராணுவத்தின் மேகதூத் நடவடிக்கை தொடங்கியது முதல், சீட்டா சியாச்சினின் உயிர்நாடியாக இருக்கிறது. மிக உயரமான காவல் நிலைகளில் எஞ்சினை நிறுத்தாமல், ஒரு மண்ணெண்ணெய் ஜெர்ரிகேனை இறக்கிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் கிளம்பிவிட வேண்டியிருக்கும். இத்தனை சிரமத்துக்கு இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் அங்கே அடுப்பெரிவதே அந்த எண்ணெயால்தான்.

இதற்காக இந்த வடிவத்தைக் காலம் முழுக்கக் கொண்டாடிக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. விபத்துகள் தொடர்ந்ததால், ராணுவ அதிகாரிகளின் மனைவியரே இதை ஓய்வுபெறச் செய்யுமாறு அரசிடம் கோரினார்கள். சீட்டாவுக்கே புதிய எஞ்சின் பொருத்திய சீட்டல் என்ற வடிவம் இடைக்கால ஏற்பாடாக வந்தது. முழு மாற்றாக ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உருவாக்கிய இலகுரக ஹெலிகாப்டர் 2016 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்து, பின்னர் லடாக்கின் உயரங்களிலும் சோதிக்கப்பட்டது. அதன் விமானி அறை முற்றிலும் நவீனமானது. எஞ்சின்களின் எண்ணிக்கை மட்டும் இன்னும் ஒன்றுதான்.