வேட்டிக் கரையும் ஓட்டுத்தையலும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, மழையையும் பாராமல் பட்டர்வொர்த்திலிருந்தும் ஜார்ஜ்டவுனிலிருந்தும் இந்தப் பினாங்கு மேடைக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மாதிரித் தையல் துணிக்கும், துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைக்கும் மதிப்பைத் தருவது கைநேர்த்தியா, அவற்றில் பதிந்த வாழ்க்கையா என்பது இன்றைய கேள்வி. வாழ்க்கையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். "மாதிரித் துணி என்ற பெயரிலேயே அளவுகோல் இருக்கிறது. தையல் கோணினால் அது எதற்கு மாதிரி?" என்றார். அந்தத் துணி எதற்காகப் பிறந்தது என்று முதலில் பார்ப்போம். அச்சிட்ட கோலப் புத்தகங்கள் எளிதில் கிடைக்காத காலத்தில், ஐரோப்பியப் பெண்கள் தாங்கள் கண்ட பூவையும் கொடியையும் மறந்துவிடாமல் இருக்க ஒரு துணியில் தைத்து, சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். வேண்டும்போது விரித்துப் பார்ப்பார்கள். நினைவில் வைத்துக்கொள்வதற்காகப் பிறந்த பொருள் அது, நடுவர் அவர்களே. பிறர் மதிப்பெண் போட வேண்டும் என்று யாரும் அதைத் தைக்கவில்லை.

ஆண்டு பொறித்த பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது 1598-ஐச் சேர்ந்தது. ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்தது. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருமையான வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் என்ன தைத்திருக்கிறாள்? ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகலில் பிறந்தாள் என்று தைத்திருக்கிறாள். கிழமையைக்கூட விடவில்லை, பிற்பகல் என்பதைக்கூட விடவில்லை. தையலைக் காட்டுவது மட்டும் அவள் நோக்கமாக இருந்திருந்தால் இந்தச் செய்தி எதற்கு?

பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன. சிறுமிகளுக்கு எழுத்தையும் எண்ணையும் குறுக்குத் தையலில் பழக்கினார்கள். பெரிய வீடுகளில் வேலைக்குப் போனால் எசமானர் வீட்டுப் படுக்கை விரிப்புகளில் அடையாளம் தைக்க வேண்டுமே, அதற்காக. அப்படிப் பழகிய ஒருத்தி எலிசபெத் பார்க்கர். இங்கிலாந்தின் சசெக்ஸில் பிறந்தவள். 1830-ஐ ஒட்டி, சிவப்பு நூலால், பூ இல்லை, கொடி இல்லை, ஓர் ஓரக்கோலம்கூட இல்லாமல் தன் கதையைத் தைத்தாள். எனக்கு எழுதத் தெரியாது, ஒருவரிடம் பேசுவதுபோல் இதில் பதிகிறேன் என்று தொடங்குகிறாள். வேலைக்குப் போன இடத்தில் பட்ட கொடுமையையும், உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததையும் சொல்கிறாள். என் ஆன்மா என்ன ஆகும் என்ற இடத்தில், வாக்கியம் முடியாமலே துணி நின்றுவிடுகிறது. பிறர் விரிப்புக்கு அடையாளம் போடக் கற்றுத்தந்த எழுத்துகளை அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். எதிரணியினரே, அந்தத் துணியின் முன் நின்று தையல்களின் இடைவெளியையா அளப்பீர்கள்?

அவள் பிழைத்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆசிரியையாகி 1889 வரை வாழ்ந்தாள். அதைப் படித்த அன்றுதான் எனக்கு மனம் ஆறியது.

அடுத்து வந்த நண்பர் 5,602 என்ற எண்ணைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அமெரிக்காவில், வெர்மான்ட்டில், ஜேன் ஸ்டிக்கிள் செய்த ஒட்டுப்போர்வையில் அத்தனை துண்டுகள். நானும் கைதட்டினேன். ஆனால் அந்தப் போர்வையின் மூலையில் இருப்பதை அவர் முழுவதுமாகச் சொல்லவில்லை. எண்ணுக்கு முன்னால் அவள் தைத்திருப்பது "போர்க்காலத்தில், 1863" என்பது. நாடு இரண்டுபட்டுத் தன் மக்களையே கொன்றுகொண்டிருந்த ஆண்டு அது. நண்பர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஆண்டை விட்டுவிட்டார்.

அவரே சங்க நூலான பொருநராற்றுப்படையையும் துணைக்கு அழைத்தார். கரிகாலன் பொருநனுக்குக் கொடுத்த ஆடை, இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத நுண்மை உடையது, பாம்பு உரித்த தோலைப் போன்றது என்றார். உண்மை. ஆனால் அதற்குச் சில அடிகளுக்கு முன்னால் முடத்தாமக்கண்ணியார் என்ன பாடினார்? அந்தப் பொருநன் உடுத்தி வந்த கந்தையைப் பாடினார். ஈரும் பேனும் குடியிருந்த துணி, வியர்வையில் நனைந்த துணி, "வேற்றிழை நுழைந்த துன்னல் சிதாஅர்". பிறந்தபோது இருந்த நூல் போய், தைத்துத் தைத்து வேறு நூல் புகுந்த துணி! புத்தாடையைப் பார்த்தால் அரசனின் செல்வம் தெரியும். அந்தக் கலைஞன் எத்தனை ஊர் நடந்தான், எத்தனை நாள் பசித்தான் என்பதைக் கந்தைதான் சொல்லும். அதைக் கண்ட புலவரின் கண்ணை நான் வணங்குகிறேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1942. சிங்கப்பூர் வீழ்ந்துவிட்டது. சாங்கி சிறையில் 400-க்கு மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் ஜப்பானியர் அடைத்திருந்தார்கள். கணவர்களும் தந்தையரும் வேறு பகுதியில், வேறு முகாமில். உயிரோடிருக்கிறேன் என்று ஒரு வரி அனுப்ப வழியில்லை. எத்தெல் மல்வனி என்ற கனடா நாட்டுப் பெண்மணி ஒரு வழி கண்டார். காயம்பட்ட வீரர்களுக்குப் போர்வை தைக்கிறோம் என்று அனுமதி கேட்டார். ஆளுக்கு ஒரு சதுரத் துணி. உங்களைப் பற்றிய ஏதாவது ஒன்றை அதில் வையுங்கள், பெயரையும் தையுங்கள் என்றார். பழைய உடுப்புகளைப் பிரித்து நூல் எடுத்தார்கள். ஒருத்தி பூ, ஒருத்தி தன் வீடு, இன்னொருத்தி சிறைச் சுவர். தலா 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகள்: பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கு ஒன்று. எதிரிக்கும் ஒன்று தைத்ததால்தான் மற்ற இரண்டும் வெளியே போக முடிந்தது என்பது என் எண்ணம்.

அந்தப் போர்வைகள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த ஆண்கள் எதைத் தேடியிருப்பார்கள்? சங்கிலித் தையல் சீராக இருக்கிறதா என்றா? பெயரைத் தேடியிருப்பார்கள், நடுவர் அவர்களே! ஒரு பெயரைத்தான்.

அதே சிறையில் சாரணச் சிறுமிகள் தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸின் பிறந்த நாளுக்காக, காவலருக்குத் தெரியாமல், அறுகோணத் துண்டுகளை இணைத்து ஒரு போர்வை தைத்தார்கள். சிறு பிள்ளைகளின் கைவேலை. இன்று லண்டனில் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1987-இல் வாஷிங்டனில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக விரித்த 1,920 துணிகளிலும் பல, அதற்கு முன் ஊசி பிடிக்காதவர்கள் செய்தவை. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு புதைகுழியின் அளவு.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு நேர்த்தியை இகழ எனக்கு மனம் வராது. இவ்வூர்ச் சீன வம்சாவளியினரான நோன்யா பெண்களின் மணிவேலைக் காலணியையும் அவர்கள் அணியும் கெபாயாச் சட்டையின் பூவேலையையும் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் இதே ஊரில், லைட் ஸ்திரீட் கான்வென்ட் பள்ளியில், 1943-இல் ஜப்பானியரால் அடைக்கப்பட்ட அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் வீரர்கள் சுவரில் தங்கள் பெயர்களைக் கீறினார்கள். அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகவா?

இனி என் வீட்டுக் கதை. என் பாட்டி கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். 1943-இல் தாத்தாவை ஜப்பானியர் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள். மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். அவர் திரும்பவில்லை. அந்தப் பாதையில் மாண்ட வெள்ளைச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. துணிப் பஞ்சத்தில் சாக்கை உடுத்திய காலம் அது. அப்போதும் பாட்டி தாத்தாவின் வேட்டியைக் கிழித்து உடுத்தவில்லை, விற்கவும் இல்லை. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, இனி வரமாட்டார் என்று மனம் ஒப்பிய பிறகு, அதை நடுவில் வைத்து, மாவுப் பையும் என் அம்மாவின் சின்னச் சட்டையும் சேர்த்து ஒரு போர்வை தைத்தார். வெறும் ஓட்டுத்தையல். நேராகப் போகாது. அவருக்கு எழுதத் தெரியாது. நாங்கள் படுத்திருக்கும்போது ஒவ்வொரு துண்டாக விரல் வைத்து, இது யாருடையது, இது எப்போது கட்டியது என்று சொல்வார்.

சில ஆண்டுகளுக்கு முன் அதைக் கோலாலம்பூரில் ஒரு கைவினைக் கண்காட்சிக்கு எடுத்துப் போனேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். தையல் சீராக இல்லை, ஓரம் கோணியிருக்கிறது என்றார்கள். யாருடைய வேட்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. பஸ்ஸில் பினாங்கு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

நடுவர் அவர்களே, இன்று அதைக் கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்குக் கீழே, அந்த மேசையில் விரித்திருக்கிறேன். இறங்கும்போது ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நடுத்துண்டின் இடது ஓரத்தில் கரும்பச்சைக் கரை ஒன்று தெரியும். அதுதான் தாத்தாவின் வேட்டி. அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நன்றி. வணக்கம்.