பதினாறே முக்கால் அங்குலம்: லயனல் டெர்டிஸும் வியோலாவும்

அவையோருக்கு வணக்கம்.

வியோலா என்றதும் "பெரிய வயலின்தானே?" என்பார்கள். அது போதிய அளவு பெரிதாக இல்லை என்பதுதான் அதன் சிக்கலே. லயனல் டெர்டிஸ் என்ற ஆங்கில வியோலாக் கலைஞரின் வாழ்க்கை முழுவதும் அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியதுதான். ஆகவே முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

வயலினைவிட வியோலா ஒரு ச-ப தூரம், அதாவது ஒரு பஞ்சமம், கீழே ஒலிக்கிறது. அடித்தந்தி சி, அதன்மேல் ஜி, டி, ஏ. வயலின் உடலின் நீளம் 14 அங்குலம். அதே விகிதத்தில் ஒரு பஞ்சமம் கீழே இறங்கினால், உடல் ஒன்றரை மடங்காகி 21 அங்குலம் ஆக வேண்டும். நம் வித்வான்கள் தரையில் அமர்ந்து, கருவியின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கிறார்கள். ஐரோப்பியக் கலைஞரோ தோளில் ஏந்தி வாசிப்பவர். 21 அங்குலத்தைத் தோளில் வைத்தால் கை தலைப்பகுதியை எட்டாது. அதனால் கருவி செய்பவர்கள் பதினைந்தரை முதல் 17 அங்குலம் வரை என்று சமரசம் செய்துகொண்டார்கள்.

அந்தச் சமரசத்தின் விலையைச் சி தந்தியில் கேட்கலாம். குறைந்த நீளத்தில் ஆழமான சுரம் வேண்டுமானால் தந்தி தடிமனாக வேண்டும், அல்லது தளர வேண்டும். தடித்த தந்தி வில் பட்டவுடன் பேசாது. அரைக்கணம் தாமதித்து, கரகரத்துத்தான் எழும். உள்ளே அடைபட்ட காற்றும் அந்த ஆழத்துக்கு முழுமையாக இசைந்து அதிராது. மூக்கடைத்தவன் பாடுவது போன்ற ஒலி அதனால்தான் வருகிறது.

டெர்டிஸ் 1876 டிசம்பர் 29 அன்று இங்கிலாந்தின் வெஸ்ட் ஹார்ட்டில்பூலில் பிறந்தார். செல்லோ (வியோலாவைவிடப் பெரிய, இன்னும் ஆழமாக ஒலிக்கும் கருவி) மேதை பாப்லோ கசால்ஸ் பிறந்ததும் அதே நாளில்தான். முதலில் பழகியது பியானோ. 13 வயதில் அதை வாசித்தே பிழைக்கத் தொடங்கியவர், பிறகு வயலினுக்காக லைப்சிக்கிலும் லண்டன் ராயல் அகாடமியிலும் படித்தார். அங்கே சக மாணவர் ஒருவரின் நால்வர் குழுவுக்கு வியோலா ஆள் தேவைப்பட்டது. எடுத்தார், பிறகு கீழே வைக்கவே இல்லை. வயலினில் தேறாதவர்களை வியோலாவுக்கு அனுப்பும் வழக்கம் இருந்த காலம் அது. மேல் ஸ்தானங்களில் வாசிக்க யாரும் துணியவில்லை. சொல்லித்தர முன்மாதிரியும் இல்லாததால், வயலின் கலைஞர்களைக் கேட்டுக் கேட்டுத் தாமே வழி கண்டார்.

வயலின் வில் ஏறத்தாழ 60 கிராம். வியோலா வில் 70. இந்தப் பத்து கிராம் முக்கியம். வில்லை வயலினைப் போல வேகமாக இழுத்தால் சி தந்தி வழுக்கும், சீறும். மெதுவாக, முழங்கையின் பாரத்தை இறக்கி இழுக்க வேண்டும். விரலை அசைத்து எழுப்பும் அதிர்வும் அகலமாக, நிதானமாக இருந்தால்தான் ஒலி நிறையும். வயலினிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

1920-இல் பாரிஸில் மொன்டன்யானா என்ற பழைய இத்தாலியக் கருவிக் கலைஞர் செய்த ஒரு வியோலாவை டெர்டிஸ் கண்டெடுத்தார். நீளம் பதினேழே கால் அங்குலத்துக்குச் சற்றே குறைவு. தந்திகளைத் தாங்கும் பாலம் இல்லை, தந்தி இல்லை, பெட்டியும் இல்லை. மனைவியின் மழைக்கோட்டில் சுற்றித்தான் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து லண்டன் வந்தது அது. அவர் தேடிய ஆழம் அதில் இருந்தது.

வாசிக்கப் பாட்டு வேண்டுமே! ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், தனி வயலினுக்கு எழுதிய 'ஷகோன்' என்ற படைப்பைப் பஞ்சமம் இறக்கி வாசித்தார். ஆங்கில இசையமைப்பாளர் எல்காரின் செல்லோ கன்செர்ட்டோவை (ஒரு தனிக்கருவியும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வியோலாவுக்கு மாற்றினார். 1930-இல் எல்காரே வாத்தியக் குழுவை இயக்கி அதை நடத்திவைத்தார். மெதுவான பகுதிக்காகச் சி தந்தியை ஒரு முழுச்சுரம் தளர்த்திக்கொள்வார். சொல்ல எளிது, செய்வது அப்படியல்ல. தளர்த்திய தந்தி ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல மேலே ஏறும். அந்தத் தந்தியில் பழகிய விரலிடங்களும் எல்லாம் மாறிவிடும்.

சறுக்கலும் உண்டு. 1929-இல் இளம் இசையமைப்பாளர் வில்லியம் வால்டன் அவருக்கென்றே எழுதிய வியோலா கன்செர்ட்டோவை, நவீனம் தாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். ஜெர்மன் இசையமைப்பாளரும் வியோலாக் கலைஞருமான ஹிண்டமித் அதை முதலில் வாசித்தார். அரங்கில் கேட்ட டெர்டிஸ் தம் தவற்றை உணர்ந்தார். அடுத்த ஆண்டே பெல்ஜியத்தின் லீஜ் நகரில் அதை வாசித்தார். தம் பிழையை வாசித்தே திருத்திக்கொண்டவர் என்பதால் அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

1937-இல் வலது கையில் தசைவலி முற்றி, மேடையிலிருந்து விலகினார். (போர்க்காலத்தில் திரும்பி வந்தது வேறு கதை.) அப்போதுதான் பழைய கணக்குக்குத் திரும்பினார். மொன்டன்யானாவின் ஆழம் வேண்டும், ஆனால் சாதாரணக் கைக்கும் அடங்க வேண்டும். டெவன் மாவட்டம் கிரெடிட்டனில் இருந்த கருவிக் கலைஞர் ஆர்தர் ரிச்சர்ட்சனுடன் சேர்ந்து வரைந்து வரைந்து ஓர் அளவில் நின்றார்: பதினாறே முக்கால் அங்குலம். நீளத்தில் இழந்ததை உடலின் அகலத்தில் ஈடுகட்டினார்கள். உள்ளே காற்றுக்கு இடம் கிடைத்தது. அந்த வரைபடத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. பல நாடுகளின் தச்சர்கள் அதைக்கொண்டு வியோலா செய்தார்கள்.

இன்று வியோலா வாங்குபவர் தோளில் வைத்து, இடக்கையால் தலைப்பகுதியைச் சுற்றிப் பிடித்துப் பார்க்கட்டும். முழங்கை சற்று மடங்கியே இருக்க வேண்டும். நேராக விறைத்தால் கருவி பெரிது: சுண்டுவிரல் சுரம் குறைந்து ஒலிக்கும், கட்டைவிரல் கழுத்தை நெரிக்கும், சில மாதங்களில் மணிக்கட்டு வலிக்கும். அளவு சரி என்றால் அடுத்து சி தந்தியில் விரல் வைக்காமல், ஒரு முழு வில் நிதானமாக இழுத்துக் கேட்கட்டும்.