விழப்போற பல்லுக்கு எதுக்குடி டாக்டர்?

வணக்கம். இன்றைக்குச் சமையல் இல்லை, கோலம் இல்லை. கையில் இருப்பது என் மகனின் பிரஷ். பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள், வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பழைய துடைப்பம் மாதிரி விரிந்து கிடக்கிறது. தேய்த்ததில் இல்லை, மென்றதில். நானும் "தேய்ச்சியா?", "தேய்ச்சேன்" என்பதோடு விட்டிருக்கிறேன்.

போன மாதம் அவன் ஒன்றாம் வகுப்பு படிக்கிற அரசுப் பள்ளிக்கு நடமாடும் மருத்துவக் குழு வந்தது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்கிற, மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் வருகிறவர்கள். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை. சுமார் 30 வகைக் குறைபாடுகளைப் பார்க்கிறார்கள், பிறவி இதயக் கோளாறு இருக்கிற அதே பட்டியலில் சொத்தைப் பல்லும் இருக்கிறது. அன்று சாயங்காலம் பையில் ஒரு சீட்டு: கீழ்க் கடைவாயில் சொத்தை, பல் மருத்துவரிடம் காட்டவும்.

அத்தை பார்த்துவிட்டு, "விழப்போற பல்லுக்கு எதுக்குடி டாக்டர்?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், என் மனசிலும் அதுதான் ஓடியது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் அவன் வாயைத் திறக்கச் சொல்லி எனக்கே எண்ணிக் காட்டினார். பால் பல் மொத்தம் 20. முன்பல் 6, 7 வயதில் விழுந்துவிடும், ஆனால் சொத்தை பிடித்திருக்கிற இந்தக் கடைவாய்ப் பால் பல் விழ 10, 11 வயது ஆகும், அதுவரை அதை வைத்துத்தான் அவன் மெல்ல வேண்டும். அதற்கும் பின்னால் ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் முளைக்கிற பல், நிரந்தரப் பல், ஆயுசுக்கும் அதுதான். நான் அதையும் பால் பல் என்றே நினைத்திருந்தேன்! சொத்தையை அடைத்துவிட்டார், புதுப் பல் முழுக்க வெளியே வந்ததும் அதன் பள்ளங்களில் சொத்தை பிடிக்காமல் மூடிவைக்கிற சீலன்ட் பூச வரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது ராத்திரி நானே தேய்த்துவிடுகிறேன். தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டால் கடைசிப் பல் வரை தெரியும். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், மூன்று வயதுக்குக் கீழே என்றால் அரிசி அளவு, விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவதெல்லாம் விற்கிறவர்களுக்காக. தேய்த்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பேஸ்டில் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிற ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும். அதற்கப்புறம் பால் கிடையாது, இதற்குத்தான் நாலு நாள் அழுகை, அத்தையோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை.

டீச்சரிடமும் பேசினேன். சத்துணவு முடிந்ததும் தட்டு கழுவுகிற குழாயடியிலேயே பிள்ளைகளை வாய் கொப்பளிக்க வைக்கிறார். பிறந்தநாள் டாஃபிதான் தீராத பிரச்சினை, வகுப்பில் 34 பிள்ளைகள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடலை மிட்டாய் கொடுக்கலாமே என்று கமெண்ட் போடாதீர்கள், வெல்லமும் பல்லுக்குச் சர்க்கரைதான், ஒட்டுவதில் டாஃபிக்குச் சளைத்ததில்லை. இவன் பிறந்தநாளுக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொண்டுபோனேன், பாதிப் பேர் உப்பு மிளகாய்த்தூள் கேட்டார்கள்.

இருங்கள், கூப்பிடுகிறான். கீழ் முன்பல் ஆடுகிறதாம். அத்தை கூரை மேல் எறிய வேண்டும் என்பார், எங்களுடையது மொட்டை மாடி, எறிந்தால் தண்ணீர்த் தொட்டியில்தான் விழும்.