கிற்றார் வாங்கப் போகும்போது ஓர் அடிமட்டமும் கொண்டு போங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சோதனை முடிந்த கையோடு பிள்ளைக்கு ஒரு கிற்றார் வாங்கிக் கொடுப்போம் என்று நினைக்கிற பெற்றோர் யாழ்ப்பாணத்தில் இப்போது கனபேர். தேவாலயப் பாடகர் குழு, பள்ளிக்கூட மேடை, பிறந்தநாள் வீட்டுப் பொப்பிசை என்று அந்த வாத்தியத்துக்கு இங்கே வேலையும் இருக்கிறது. கடைக்குள் போனதும் வருகிற முதற் கேள்வி, "என்ன பிராண்ட் நல்லது?" அடுத்தது, "என்ன விலை?" நான் அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்கச் சொல்லுவேன்: ஸ்ரிங் நெக்குக்கு, அதாவது விரல் வைத்து அழுத்துகிற நீளக் கழுத்துக்கு, மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? பிள்ளை மூன்று மாதம் கழித்தும் வாசிக்குமா, கிற்றார் அலுமாரிக்கு மேலே ஏறுமா என்பது பெரும்பாலும் இதில்தான் தங்கியிருக்கிறது.

மில்லிமீற்றர் போட்ட சின்ன அடிமட்டம் ஒன்று போதும். கிற்றாரை மடியில் வைத்து, நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் பிரெட்; தலைப்பக்கத்தில் இருந்து எண்ணி 12ஆம் பிரெட்டுக்கு வாருங்கள். அந்தப் பிரெட்டின் மேல் விளிம்புக்கும் ஆகத் தடித்த ஸ்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் இடையில் உள்ள வெளியை அளவுங்கள். ஸ்ரீல் ஸ்ரிங் கிற்றாரில் இரண்டரை மில்லிமீற்றரை ஒட்டி இருந்தால் சுகமாக வாசிக்கலாம். மெல்லிய ஸ்ரிங்கில் 2 போதும். 3ஐத் தாண்டினால் விரல் நுனி எரியும். அது மட்டுமில்லை, தூரம் கூடக்கூட அழுத்தும்போது ஸ்ரிங் இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். பிள்ளை சரியாகப் பிடித்தாலும் பிழையாகத்தான் கேட்கும். நைலோன் ஸ்ரிங் என்றால் 4 வரை பொறுக்கலாம், அது அகலமாக அதிர்வதற்கு இடம் வேண்டும்.

உயரமாக இருக்கிறது என்று கண்டவுடன் கிற்றாரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். புதுக் கிற்றார்கள் பல கொஞ்சம் உயர்த்தித்தான் வரும், ஏனென்றால் உயர்ந்ததை இறக்குவது சுலபம். பெட்டியின் மேல் ஸ்ரிங்குகள் வந்து தங்குகிற மெல்லிய வெள்ளைத் துண்டுக்கு சாடில் என்று பெயர். அதைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தேய்த்துப் போட்டால் உயரம் இறங்கும். 12ஆம் பிரெட்டில் அரை மில்லிமீற்றர் குறைய வேண்டுமென்றால் சாடிலில் ஒரு மில்லிமீற்றர் தேய்க்க வேண்டும். ஆகவே அந்த வெள்ளைத் துண்டு மரத்துக்கு மேலே எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். மூன்று, நான்கு மில்லிமீற்றர் தெரிந்தால் தேய்க்க இடமிருக்கிறது, பயப்பட வேண்டாம். சாடில் ஏற்கெனவே மரத்தோடு மரமாகக் கிடந்தும் ஸ்ரிங் உயரத்திலேயே நின்றால் நெக்கைப் பொருத்திய கோணமே பிழை. அதைத் திருத்துகிற செலவு பழகுகிற பிள்ளைக்கு வாங்குகிற கிற்றாருக்குக் கட்டாது. கடைக்காரர் எவ்வளவு கழித்துத் தந்தாலும் அது வேண்டாம்.

மறுமுனையில் ஸ்ரிங்குகள் தலைக்குப் போகிற வழியில் நட் என்று ஒரு துண்டு இருக்கிறது. மூன்றாம் பிரெட்டில் ஒரு ஸ்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலாம் பிரெட்டுக்கும் ஸ்ரிங்குக்கும் இடையிலே பாருங்கள். ஒரு கடதாசி நுழைகிற வெளிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், முதலாம் பிரெட்டில் ஒரே விரலால் பல ஸ்ரிங்கைச் சேர்த்து அழுத்துகிற எஃப் கோர்ட் (பல ஸ்வரங்கள் சேர்ந்த பிடி) பிடிக்கிற நாளில் அழுகைதான் வரும். "எனக்கு விரலில பலம் காணாது சேர்" என்று சொல்லுகிற பிள்ளைகளின் கிற்றாரை வாங்கிப் பார்த்தால் அநேகமாக நட்டின் வெட்டுகள் ஆழம் போதாமல் இருக்கும். பழி விரலுக்கு, குற்றம் நட்டுக்கு.

நெக் வளைந்திருக்கிறதா என்று அறிய வேறு கருவி தேவையில்லை. முதலாம் பிரெட்டையும் 14ஆம் பிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் நடுவில் உள்ள ஸ்ரிங்தான் உங்கள் நேர்கோடு. 7ஆம் பிரெட்டுக்கு மேலே மிகச் சிறிய வெளி தெரிந்தால் சரி. கூடத் தெரிந்தால் நெக்குக்கு உள்ளே இருக்கிற ட்ரஸ் ரொட் என்ற உலோகக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம், அதையும் தெரிந்த ஒருவர்தான் செய்ய வேண்டும்.

இனி மரம். கிற்றாரின் குரல் பெரும்பாலும் முகப்பலகையில் இருக்கிறது. அது ஒரே மரத்தில் அறுத்த முழுப்பலகையாக இருக்கலாம், அல்லது மெல்லிய தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிய பிளைவுட்டாக இருக்கலாம். போன் வெளிச்சத்தை நடு ஓட்டையின் விளிம்பில் பிடித்துப் பாருங்கள். மேலே தெரிகிற மர ரேகை விளிம்பின் வெட்டிலும் தொடர்ந்து கீழே இறங்கினால் முழுப்பலகை. வெட்டுமுகத்தில் படைபடையாகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. பலர் கேட்கிற யமஹாவிலேயே இரண்டும் உண்டு: எஃப் 310 ஒட்டுப்பலகை முகம், எஃப்ஜி 800 ஸ்ப்ரூஸ் மரத்தில் முழுப்பலகை முகம். விலை வித்தியாசத்துக்கு ஒரு காரணம் அதுதான்.

முழுப்பலகை நன்றாகப் பேசும், அதில் வாதமில்லை. ஆனால் முழுப்பலகைதான் வாங்க வேண்டும் என்று இணையத்தில் சொல்லுகிறவர்கள் எங்கள் ஊர்க் காற்றை நினைத்துச் சொல்லவில்லை. கிற்றார் மரத்துக்குப் பிடித்த ஈரப்பதன் 45 முதல் 55 வீதம். எங்களுக்கு வருடத்தில் பெரும்பகுதி அதற்கு மேலே. ஐப்பசி, கார்த்திகை மழையில் மிருதங்கத் தோல் இளகுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கிற்றாரின் முகப்பலகையும் ஈரத்தைக் குடித்து, சாடிலைத் தாங்குகிற மரத்துண்டான பிரிட்ஜுக்குப் பின்னால் மெல்ல உப்பும். அதோடு சாடிலும் எழும், சித்திரையில் இரண்டரை மில்லிமீற்றர் நின்ற ஸ்ரிங் மார்கழியில் மூன்றைத் தொடும். ஒட்டுப்பலகை இவ்வளவு ஆடாது. கிற்றாரைப் பெட்டிக்குள் பூட்டி, சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, அவ்வப்போது மாற்றுகிற வீடு என்றால் முழுப்பலகை வாங்குங்கள். யன்னலோரம் ஆணியில் தொங்கப்போகிற கிற்றார் என்றால் நல்ல ஒட்டுப்பலகை போதும், மிஞ்சுகிற காசை அதைச் சரிசெய்யக் கொடுங்கள். கையில் உள்ள காசில் பத்தில் ஒரு பங்கையாவது அதற்கென்று முதலே எடுத்து வைப்பது என் கணக்கு.

குருநகர், பாசையூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் ஸ்ரிங் சீக்கிரம் கறுத்துத் துருவேறும். வாசித்து முடிந்ததும் பழைய சாரத் துண்டால் ஒவ்வொரு ஸ்ரிங்கையும் துடைத்துவிடுங்கள். பூச்சுப் பூசிய ஸ்ரிங் விலை கூட, ஆனால் கரையோரத்தில் அந்த விலை நியாயம்.

ஸ்ரீலா, நைலோனா? சிறு பிள்ளைக்கு நைலோன் விரலுக்கு இதம், ஆனால் நெக் அகலம். பாட்டுக்குக் கோர்ட் அடிக்க விரும்புகிறவருக்கு ஸ்ரீல். எதை வாங்கினாலும் நைலோன் கிற்றாரில் ஸ்ரீல் ஸ்ரிங் போட ஒருவரையும் விடாதீர்கள். நைலோன் ஆறும் சேர்ந்து இழுக்கிற பாரம் ஏறத்தாழ 40 கிலோ. சாதாரண ஸ்ரீல் செற் 70 கிலோவைத் தாண்டும். பிரிட்ஜ் பெயர்ந்து வரும், சில வேளை முகப்பலகையையும் கிழித்துக்கொண்டு.

ஒலிபெருக்கியில் செருகுகிற பிக்கப் உள்ள கிற்றாரை விற்பனையாளர் காட்டுவார். மேடை ஏறாத பிள்ளைக்கு அது வேண்டாம். அதே காசுக்கு பிக்கப் இல்லாமல் எடுத்தால் மரம் ஒருபடி மேலாக வரும். நிறத்துக்கும் பளபளப்புக்கும் இதே பதில்தான்.

கனடாவில் இருந்து மாமா கொண்டுவந்த கிற்றார் எங்கள் வீடுகளில் நிறைய. அங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஹீற்றர் போட்டு உலர்ந்த மரம், இங்கே வந்து திடீரென்று ஈரத்தைச் சந்திக்கிறது. வந்த அன்றே வெளியில் எடுத்து சுருதி ஏற்றாமல், சில நாள் பெட்டிக்குள்ளேயே கிடக்க விட்டுப் பிறகு திறவுங்கள். வெளிநாடு போகிறவர்கள் விற்றுவிட்டுப் போகிற பாவித்த கிற்றாரும் நல்ல பேரம்தான். ஒரு கடதாசித் துண்டை பிரிட்ஜின் பின் விளிம்புக்கு அடியில் தள்ளிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விடத் தொடங்கிவிட்டது. வெயிலில் பூட்டிய வானுக்குள் கிடந்த கிற்றாருக்கு இது வழக்கமான வியாதி. கொழும்பில் வாங்கி பஸ்ஸில் ஏற்றுகிறவர்கள் ஸ்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, கிற்றாரைத் தங்களோடு உள்ளே வைத்திருங்கள்.

வாசிக்கத் தெரியாதவர் சுருதி பார்ப்பது எப்படி? போனில் சுருதி காட்டுகிற ரியூனர் செயலி ஒன்றைப் போட்டு ஸ்ரிங்கைச் சுருதி சேருங்கள். பிறகு 12ஆம் பிரெட்டில் அழுத்தித் தட்டுங்கள். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே, முள் நடுவிலேயே நிற்க வேண்டும். ஆறு ஸ்ரிங்கிலும் ஒன்று தொடங்கி 12 வரை ஒவ்வொரு பிரெட்டாகத் தட்டிக்கொண்டு வாருங்கள், எங்காவது "ஙிர்ர்" என்று உராய்கிறதா என்று கேளுங்கள். இதற்குப் பத்து நிமிடம் பிடிக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அவசரப்படாதீர்கள்.

எல்லாம் பார்த்துப் பிடித்துப்போன பிறகு காசை எடுக்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்: "அண்ணை, சாடிலைத் தேய்ச்சு ரண்டரைக்கு இறக்கித் தருவியளோ?" சம்மதித்தால் அன்றைக்கே அவர் முன்னால் அடிமட்டத்தை வைத்துப் பார்த்து வாங்குங்கள். "அது எங்கட வேலையில்லை" என்றால் அந்த வேலைக்கான கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.