கோயில்காட்டில் நமக்கு என்ன வேலை?

நேயர்களுக்கு வணக்கம். கோயிலைச் சுற்றி சாமி பேரில் விட்டுவைத்த காடுதான் கோயில்காடு. அதைப் பராமரிக்க வேண்டும் என்று இப்போது பல ஊர்களில் இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் வந்ததும் அவர்கள் கேட்பது, "கன்று எங்கே, எங்கே நடணும்?" என்பதுதான். நான் கையில் கடப்பாரையைக் கொடுப்பேன்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் புத்துப்பட்டு அய்யனார் கோயில்காட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். இந்தக் கடலோரக் காடுகளில் வீரை மரமும் காயா மரமும் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும். யாரும் நட்டு வளர்த்ததல்ல. சாமிக்குப் பயந்து மனிதர் வெட்டாமல் விட்டார்கள். பறவையும் வௌவாலும் விதைத்தன.

2022இல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியும், 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடும் பல்லுயிர் பாரம்பரியத் தலங்களாக, அதாவது உயிர்வளத்துக்காகக் காக்க வேண்டிய இடங்களாக, அரசால் அறிவிக்கப்பட்டன. காசம்பட்டிக் காடு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. இவ்வளவு சின்னக் காட்டுக்கு ஆபத்தெல்லாம் ஓரத்திலிருந்துதான் வரும். முதல் ஆள் சீமைக் கருவேலம். அதன் நெற்று இனிக்கும். ஆடு மாடு தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு காட்டோரத்தில் விழும். தரையோடு வெட்டினால் ஒன்று நாலாகத் துளிர்க்கும். சுற்றித் தோண்டி, அடிக்கட்டையோடு பெயர்த்தால்தான் ஒழியும். சின்னக் கன்றை மழை பெய்த மறுநாள் கையாலேயே பிடுங்கலாம். முள் செருப்பையும் துளைக்கும், ஜாக்கிரதை.

எங்கள் ஊரில் இதில் ஒரு சிக்கல் வந்தது. கோயில்காட்டுச் சுள்ளியைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். அப்படியென்றால் பெயர்த்த சீமைக் கருவேலம் சாமி சொத்தா? பெரியவர்கள் கூடிப் பேசி, திருவிழாப் பொங்கலுக்கு விறகாகட்டும் என்றார்கள். அப்புறம்தான் ஊர்க்காரர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள்.

இன்னொன்று, ‘சுத்தம்’. பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் பாட்டில், சாராய பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். சருகைக் கூட்டாதீர்கள். ஈரம் தங்குவதும் விதை முளைப்பதும் அதற்கடியில்தான். கொடி மரத்தை நெரிக்கிறது என்று அரிவாளை எடுக்கவும் வேண்டாம். கொடியும் அந்தக் காட்டின் பிள்ளைதான். கும்பாபிஷேகம் என்றதும் கோயிலைச் சுற்றி சிமெண்ட் போடக் கிளம்புகிறவர்களைத் தடுப்பது இதையெல்லாம்விடக் கஷ்டம். அங்கே நம் பேச்சு எடுபடாது, பூசாரியைப் பேச வைக்க வேண்டும்.

சரி, நடவே கூடாதா? பெயர்த்த இடம் வெறுமையாகக் கிடந்தால் நடலாம். விதையை அதே காட்டில் பொறுக்கிக் கன்றாக்குங்கள். சும்மா கிடைக்கிறதே என்று குல்மோகர் போன்ற வெளிநாட்டு மரத்தைக் கொண்டுவந்து இறக்காதீர்கள். ஐப்பசி மழையில் மண் நனைந்ததும் நட்டால் கோடைக்குள் வேர் பிடிக்கும். அடுத்த இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று பெயர் எழுதி வாங்கிக்கொண்டு குழியை வெட்டுங்கள். வணக்கம்.